நாலு ஜிபி பொட்டி குடிமாறின கதை

எங்க பக்கத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்க. போன் நம்பர் அஞ்சு இலக்கத்துல இருக்கும். 2003 வாக்குல எல்லா லேண்ட்லைன் நம்பருக்கும் முன்னாடி ஒரு '2' சேர்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அடிச்ச பத்திரிகைல ஆறு இலக்கம். சேலத்துல ஆறு, ஏழாச்சு. அஞ்சு இலக்கத்துல எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒரு லட்சம் நம்பருக்கு மேல எழுத முடியாது. கம்பி இழுக்க ஆள் இருக்கும், கம்பம் நட இடம் இருக்கும், கனெக்‌ஷன் கேட்டு மனு போட்டவங்க வரிசையா நிப்பாங்க. நம்பர்தான் இருக்காது.

கம்ப்யூட்டர் வன்தட்டோட சரித்திரத்துல பாதி இந்தப் பிரச்சினைதான். தட்டுல இடம் இருக்கும். அந்த இடத்தைச் சொல்லிக் கூப்பிட நம்பர் பத்தாது.

மாமா திருச்செங்கோட்டுல டிடிபி கடை வெச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி, ரிக் வண்டி ஆபீஸ் லெட்டர்பேட், லாரி டிரான்ஸ்போர்ட் பில் புக் எல்லாம் அங்கதான் அடிக்கும். 1999ல வாங்கின அசெம்பிள்டு பொட்டி. 4.3 ஜிபி குவாண்டம் ஃபயர்பால் வன்தட்டு, விண்டோஸ் 98, பேஜ்மேக்கர். அந்தப் பொட்டிக்குள்ள இருந்ததை நான் மூணு தடவை வேற தட்டுக்கு மாத்தி இருக்கேன். மூணு தடவையும் பிரச்சினை வேற வேற. மூணாவதுதான் என்னை இதை எழுத வெச்சது. ஆனா முதல்ல இருந்து சொன்னாத்தான் அது புரியும்.

வன்தட்டுன்னு ஒண்ணு முதன்முதல்ல விற்பனைக்கு வந்தது 1956 செப்டம்பர்ல. ஐபிஎம்மோட ரேமாக். 24 அங்குல விட்டத்துல 50 தட்டு, அடுக்கி வெச்சா ஒரு பீரோ. எடை ஒரு டன்னுக்கு மேல. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அதுக்கு 24 வருசம் கழிச்சு 1980ல, பின்னால சீகேட்னு பேர் மாத்திக்கிட்ட கம்பெனி, கிட்டத்தட்ட அதே அளவை, அஞ்சு எம்பியை, மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ள வைக்கற சைஸுக்குக் கொண்டு வந்துச்சு. 1983ல ஐபிஎம் தன்னோட பிசி எக்ஸ்டியில பத்து எம்பி வெச்சுக் குடுத்தப்ப, இதை நிரப்ப ஒருத்தனால முடியுமான்னுதான் அன்னிக்குப் பலபேர் நினைச்சிருப்பாங்க.

வினையே அங்கதான் ஆரம்பிக்குது.

தட்டுல ஒரு இடத்தைச் சொல்ல அப்ப மூணு எண் வேணும். எத்தனாவது வட்டம், எத்தனாவது தலை, வட்டத்துல எத்தனாவது துண்டு. ஊர், தெரு, கதவு எண் மாதிரி. ஒரு துண்டுக்கு 512 பைட்டு. இந்த மூணையும் எழுத பயாஸ் ஒரு படிவம் வெச்சிருந்துச்சு. அதுல வட்டத்துக்கு 1024, தலைக்கு 256, துண்டுக்கு 63 வரைக்கும்தான் கட்டம். வன்தட்டுப் பக்கம் ஐடிஇ தரத்துக்குத் தனியா இன்னொரு படிவம். அதுல வட்டம் 65,536 வரைக்கும் போகலாம், ஆனா தலைக்கு 16தான். தனித்தனியாப் பார்த்தா ரெண்டுமே தாராளம். ரெண்டு ஆபீஸ்லயும் செல்லுபடியாகணும்னா? எந்தப் படிவத்துல கட்டம் சின்னதோ அதுதான் கணக்கு. 1024, 16, 63. மூணையும் பெருக்கி 512ஆலயும் பெருக்குங்க. 52,84,82,304 பைட்டு. அதாவது 528 எம்பி.

1990களோட நடுவுல இந்தச் சுவர்ல முட்டாத ஆள் கிடையாது. பெரிய தட்டு வாங்கிட்டு வந்து மாட்டுவாங்க, கம்ப்யூட்டர் 528ஓட நின்னுக்கும். யாரும் தப்புப் பண்ணலை. ரெண்டு ஆபீஸும் தன்தன் படிவத்தைச் சரியாத்தான் அச்சடிச்சிருந்துச்சு. ஒருத்தர் படிவத்தை இன்னொருத்தர் பார்த்துக்கலை, அவ்வளவுதான். (நம்ம தாலுகா ஆபீஸையும் பத்திர ஆபீஸையும் நினைச்சீங்கன்னா கம்பெனி பொறுப்பல்ல :-) )

அப்புறம் பயாஸ் நடுவுல உக்காந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்க ஆரம்பிச்சது. அதுல பயாஸோட சொந்தக் கட்டம் முழுசும் பயன்பட்டு 8.4 ஜிபி வரைக்கும் போச்சு. 1998 வாக்குல அங்கயும் சுவர். இனிமே ஊர் தெரு எல்லாம் வேணாம், முதல் துண்டுல இருந்து கடைசித் துண்டு வரைக்கும் ஒரே வரிசையா நம்பர் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணி அதையும் தாண்டினாங்க. அடுத்து 1999ல 33.8 ஜிபி. இது கொஞ்சம் அல்பமான சுவர். ஒரே வரிசையா நம்பர் போட்ட பின்னாலயும் பழக்கதோசத்துல சில பயாஸ்கள் மொத்தத்தை 16ஆலயும் 63ஆலயும் வகுத்து, எத்தனை வட்டம்னு ஒரு கணக்குப் போட்டுக்கும். விடை 65,536ஐத் தாண்டினா அதை எழுத இடம் கிடையாது. பொட்டி அப்படியே நின்னுடும்.

மாமா பொட்டி நின்னது அங்கதான்.

2003ல 4.3 ஜிபி நிரம்பி வழிஞ்சு, பேஜ்மேக்கர் ஒரு பக்கத்தைச் சேமிக்கவே முக்கி முனகுச்சு. தரவை எடுத்து வைக்க வேற வழி? ஒரு ப்ளாப்பியில 1.44 எம்பி. 4.3 ஜிபிக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ப்ளாப்பி. கல்யாண மண்டபத்துக்கு இலைக்கட்டு சொல்ற மாதிரி சொல்லணும். அதனால 40 ஜிபி தட்டு ஒண்ணு வாங்கி நேரா தட்டுல இருந்து தட்டுக்கு மாத்திடலாம்னு முடிவு. பொட்டியோட பஸ்ஸுல போக முடியாதுன்னு டாக்சி வெச்சுக்கிட்டு சங்ககிரி வழியா சேலம், அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. புதுத் தட்டை மாட்டி ஆன் பண்ணினா, கருப்புத் திரையில தட்டோட பேர்கூட வரலை. அப்படியே நிக்குது. கடைப் பையன் அலட்டிக்கலை. தட்டோட பின்பக்கம் இருந்த குட்டி ஜம்பரைப் பிடுங்கி வேற ரெண்டு முள்ளுல சொருகினான். 40 ஜிபி தட்டு 'நான் வெறும் 32 ஜிபிதாங்க'ன்னு பொய் சொல்லுச்சு. பொட்டி நம்பி உள்ள விட்டுடுச்சு.

மாமா கேட்டார்: "ஏம்பா, எட்டு ஜிபிக்குக் குடுத்த காசு?"

"அது இருக்குதுங்ணா. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அந்தக் கால சர்வீஸ் பையன்கள் எல்லார் பையிலயும் ஒரு ப்ளாப்பி இருக்கும். அதுல கோஸ்ட். ஆக்லாந்துக்காரர் மர்ரே ஹஸ்ஸார்ட் 1990களோட நடுவுல எழுதினது. 1998ல சைமன்டெக் வாங்கிக்கிச்சு. ஒரு தட்டுல இருக்கறதை இன்னொரு தட்டுக்கு அச்சு அசலா மாத்தும். விண்டோஸ் மறுபடி போட வேண்டாம், பேஜ்மேக்கர் மறுபடி போட வேண்டாம். பழைய தட்டு மாஸ்டர், புதுத் தட்டு ஸ்லேவ்னு ஒரே பட்டை ஒயர்ல கோத்து, எதுல இருந்து எதுக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சது. அந்த 'எதுல இருந்து எதுக்கு'லதான் உசிரே இருக்கு. மாத்திச் சொன்னா காலித் தட்டை எடுத்து நிறைஞ்ச தட்டு மேல பூசிடும். கேள்வி கேக்காது. பையன் அந்தத் திரையில வந்ததும் பேச்சை நிறுத்திட்டு, ரெண்டு தட்டோட அளவையும் விரலால தொட்டுத் தொட்டுப் படிச்சான். சின்னது மேல, பெருசு கீழ. அப்புறம்தான் என்டர். அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருந்தது. அரை மணி நேரத்துல நாலு வருசக் கல்யாணமும் புது வீட்டுக்கு வந்துடுச்சு.

ரெண்டாவது மாற்றம் 2008ல. 160 ஜிபி தட்டு, வேற மதர்போர்டு, எக்ஸ்பி. அப்ப தாண்ட வேண்டிய சுவர் 137 ஜிபி. ஒரே வரிசையா நம்பர் போட்டாங்கன்னு சொன்னேனே, அந்த நம்பருக்கு 28 பிட்டுதான் ஒதுக்கி இருந்தாங்க. 2001-02 வாக்குல அதை 48 பிட்டா விரிச்சாங்க. 2002ல வந்த சர்வீஸ் பேக் 1ல இருந்து எக்ஸ்பி அதைப் புரிஞ்சுக்கிச்சு. எங்களுக்கு சர்வீஸ் பேக் 2 வட்டு கைவசம் இருந்ததால சிரமமே இல்லை. ஆனா புரிஞ்சுக்காத பழைய சிஸ்டத்துல இந்தச் சுவர் மத்ததை விட மோசம். முட்டினா நிக்காது. லாரி மீட்டர்ல 99999க்கு அப்புறம் 00000 வருமில்லையா, அது மாதிரி எண் சுத்தி வந்து, தட்டோட கடைசியில எழுத வேண்டியதை முதல் பக்கத்துல எழுதிட்டுப் போயிடும். முதல் பக்கத்துலதான் எந்தக் கோப்பு எங்க இருக்குங்கற மொத்த அட்டவணையும். எதுவுமே நடக்காத மாதிரி நடந்து முடிஞ்சிருக்கும்.

இதுக்கு நடுவுல கம்பெனிகளும் குடிமாறிட்டே இருந்துச்சு. குவாண்டம் வன்தட்டுத் தொழிலை 2001ல மேக்ஸ்டாருக்குக் குடுத்துச்சு. மேக்ஸ்டாரை 2006ல சீகேட் வாங்கிச்சு. 4.3ஐச் செஞ்ச பேரு கடைகள்ல இல்லாமப் போச்சு, மாமா பீரோவுல அந்தத் தட்டு மட்டும் துண்டுல சுத்தி இருந்துச்சு.

இப்ப மூணாவது. கடையை மூடியாச்சு. 160 ஜிபி தட்டு 'டிக் டிக்'னு சத்தம் போட ஆரம்பிச்சதும் ஒரு டெரா எஸ்எஸ்டி வாங்கினேன். சுவர் கிவர் ஒண்ணும் இல்லை. (அடுத்தது 2.2 டெராவுல இருந்துச்சு, அதையும் தாண்டியாச்சு.) யூஎஸ்பி ஒயர்ல மாட்டி நகல் எடுத்தேன். 1999 பொட்டியோட மொத்த உலகமும் புதுத் தட்டுல அரை சதவீதம்கூட அடைக்கலை. ஒரு பைட்டு குறையாம வந்துச்சு, சரி பார்த்தேன்.

மாமா சொன்னது ஒண்ணுதான். "மாப்ள, பத்திரிகை எல்லாம் போனாப் போகுது. அந்த வாத்தியார் பாட்டு இருக்குதான்னு மட்டும் பாரு."

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர். உடுக்கடிப் பாட்டுக்காரர் பாடப் பாட, அண்ணன்மார் கதையை நோட்டுல எழுதி எடுத்து வந்து கடையில தட்டச்சு பண்ணச் சொல்லுவார். ரெண்டாயிரத்துல, தினம் சாயங்காலம். புத்தகமாப் போடறதாத் திட்டம். போடலை. பாடினவரும் இல்லை, வாத்தியாரும் இல்லை, நோட்டை அவங்க வீட்டுல தேடிப் பார்த்துட்டாங்க, இல்லை. இருக்கறது இந்தக் கோப்பு மட்டும்தான். நம்ம பக்கத்துல அண்ணன்மார் கதையை ஒவ்வொரு உடுக்கைக்காரரும் ஒவ்வொரு மாதிரி பாடுவாங்க. அச்சுல வந்ததைப் படிச்சாப் போச்சுன்னு சொல்ல முடியாது.

கோப்பு இருந்துச்சு. திறந்தேன். சதுரமும், மேல புள்ளி வெச்ச ஐரோப்பிய எழுத்தும், பவுண்டு அடையாளமுமா நானூறு பக்கம்.

இது ஏன்னு 2003-04ல எழுத வந்தவங்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஆனா பின்னாடி வந்தவங்களுக்காக. பழைய எழுத்துருக்கள்ல மொத்தம் 256 அறை. முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சத்துல தமிழ். எந்த அறையில 'க' குடியிருக்கும், எதுல 'ங்'னு சொல்ல நாட்டாமை இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் குடி வெச்சாங்க. சிலர் ஆங்கில அறையிலயே தமிழைக் குடி வெச்சாங்க. பாமினியில தட்டச்சு பண்ணின 'தமிழ்'ங்கற சொல்லைக் கோப்புக்குள்ள போய்ப் பார்த்தா ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதைத் தமிழாக் காட்டறது எழுத்துரு. எழுத்துரு இல்லைன்னா அது தமிழே கிடையாது.

1990களோட கடைசியில இணையத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே கூடிப் பேசி திஸ்கியை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாம், டாப்னு ரெண்டு தரம் வந்துச்சு, தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. இதுக்கெல்லாம் முன்னாடியே, 1991ல, யுனிகோடு தமிழுக்கு 128 இடம் ஒதுக்கி வெச்சிருந்தது. ஆனா நம்ம மேஜைக்கு அது வர விண்டோஸ் 2000ல லதா எழுத்துரு வர வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. தமிழ்நாட்டு அரசு யுனிகோடை ஏத்துக்கிட்டது 2010 ஜூன், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயம். அதுவரைக்கும் ஊர் ஊருக்கு டிடிபி கடைகள்ல நடந்தது தனி ராஜாங்கம்தான்.

வன்தட்டுச் சுவருக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 528 எம்பியில முட்டினா ஊருக்கே தெரியும், தட்டு விக்கறவனுக்கு நட்டம், ரெண்டே வருசத்துல வழி கண்டுபிடிச்சாங்க. வாத்தியார் கோப்பு எந்தத் தட்டுலயும் முட்டலை. மூணு தடவையும் பத்திரமா வந்துச்சு. அதுக்குள்ள இருந்த தமிழ்தான் கூட வரலை. ஏன்னா எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற அட்டவணை கோப்புக்குள்ள எப்பவுமே இல்லை. அது எழுத்துருவுல இருந்துச்சு.

இதை முதல்ல அனுபவிச்சது நாம இல்லை. சேலம் இராமசாமி முதலியார் 1880ல கும்பகோணத்துக்கு முன்சீபா வந்தப்ப, அவரைப் பார்க்கப் போன உ.வே.சாமிநாதையர்கிட்ட, அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாம் படிச்சது சரி, சீவகசிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். பின்னாடி தன்கிட்ட இருந்த பிரதியையும் குடுத்தார். அவர் அப்படிக் கேட்டது அக்டோபர் 21, வியாழக்கிழமை. நம்ம ஜில்லாக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலதான் 1887ல சிந்தாமணி அச்சுக்கு வந்தது. ஏழு வருசம்! ஏட்டைப் பார்த்துக் காகிதத்துல எழுதி அச்சுக்குக் குடுக்க ஏழு வருசம் எதுக்கு?

ஏட்டுல எழுத்தாணியால புள்ளி வெச்சா ஓலை கிழியும்னு பெரும்பாலும் வெக்க மாட்டாங்க. அதனால மெய்யா உயிர்மெய்யான்னு தெரியாது. எகரமும் ஏகாரமும் ஒண்ணு, ஒகரமும் ஓகாரமும் ஒண்ணு. காலும் ரகரமும் ஒரே கோடு. 'பரி'ன்னு ஒரு ஏட்டுல இருந்தா அது 'பரி'யாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். ஓலை அரிச்சுப் போகும்னு தலைமுறை தலைமுறையாப் பெயர்த்து எழுதினவங்க கோட்டைக் கோடாத்தான் எழுதினாங்க. கோஸ்ட் ப்ளாப்பி மாதிரி அச்சு அசலா. படிக்கத் தெரிஞ்சவர் பக்கத்துல இருந்த வரைக்கும் அது போதுமா இருந்துச்சு. அவர் போன பின்னால, பல ஊர்ப் பிரதிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, சமணர்கள்கிட்ட போய் அர்த்தம் கேட்டு, உ.வே.சா. அந்த அட்டவணையைத் திரும்ப உண்டாக்க வேண்டியிருந்துச்சு. ஆடிப்பெருக்குக்குப் பழைய ஏடுகளை ஆத்துல விட்ட வழக்கத்தைப் பத்தியும் அவர் வருத்தத்தோட எழுதி இருக்கார். நகல் எடுத்ததும் பழைய தட்டை ஃபார்மட் பண்றது மாதிரிதான். மாமா 4.3ஐத் துண்டுல சுத்தி வெச்சிருந்தது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்பத்தான் உறைச்சது.

நம்ம காலத்துல அட்டவணை வேலையைப் பார்த்தது பெரும்பாலும் சம்பளம் இல்லாத ஆளுங்கதான். 1998 பொங்கலன்னிக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்தை எடுத்துக்குங்க. சுவிட்சர்லாந்துல இருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவுல இருந்து குமார் மல்லிகார்ஜுனனும் நடத்தினது. பழைய எழுத்துருவுல தட்டச்சு பண்ணின இலக்கியம் எல்லாம் திஸ்கிக்கு மாறி, அப்புறம் யுனிகோடுக்கு மாறி, இன்னிக்கும் படிக்கற மாதிரி இருக்கு. சுரதாவோட பொங்குதமிழ் பக்கம், முகுந்தோட எ-கலப்பை, பின்னாடி என்எச்எம் கன்வர்ட்டர். இதுல ஒண்ணையாவது தொடாத பதிவர் அந்தக் காலத்துல உண்டா? மாமா தட்டுல இருந்த பாமினிக் கோப்பு, டாப் கோப்பு எல்லாம் இப்படித்தான் ஒரே ராத்திரியில தமிழாச்சு. ஆயிரத்துச் சொச்சம் கல்யாணம். கூடவே தெரு, தோட்டம், ரிக் கம்பெனி, ஒரம்பரை பேரெல்லாம்.

வாத்தியார் கோப்பு மட்டும் எதுலயும் மாறலை. அது ஒரு தனிக் கம்பெனி எழுத்துரு. பிரிண்டர் ஒயர் சொருகற இடத்துல ஒரு பூட்டைச் சொருகினாத்தான் அந்த மென்பொருளே வேலை செய்யும். பூட்டு எப்பவோ தொலைஞ்சு போச்சு. எழுத்துருக் கோப்பும் தட்டுல இல்லை.

அப்பத்தான் பிரின்செப் ஞாபகம் வந்துச்சு. கல்கத்தா நாணயச்சாலையில வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், 1837ல சாஞ்சி வேலியில இருந்த குட்டிக் குட்டிக் கல்வெட்டுகளைப் பார்த்தார். நிறையக் கல்வெட்டு ஒரே மாதிரி எழுத்துல முடியுது. கோயிலுக்குக் குடுத்தவங்க வெட்டினதுன்னா 'தானம்'னுதானே முடியணும்னு ஊகிச்சார். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பிராமி முழுசும் திறந்துச்சு.

எனக்கு தானம் இல்லை, அண்ணன்மார் இருக்காங்க. பக்கத்துக்குப் பத்து தடவை பேரைச் சொல்லாம எந்த உடுக்கைக்காரரும் பாட மாட்டார். வார்த்தைக்கு நடுவுல இருக்கற இடைவெளி எல்லா எழுத்துருவுலயும் ஒண்ணுதான், அதனால வார்த்தை வார்த்தையாப் பிரிக்க முடிஞ்சது. எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்த்தேன். பழைய எழுத்துருவுல எழுத்து பார்வைக்கு வர வரிசையில இருக்கும். 'பொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். ஆக 'பொன்னர்' ஆறு எண். 'சங்கர்' நாலு. 'தங்காள்' அஞ்சு. சங்கர்லயும் தங்காள்லயும் ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணா இருக்கணும். பொன்னரும் சங்கரும் ஒரே எண்ணுல முடியணும். தங்காள்ல நாலாவது எண் பொன்னர்ல மூணாவதா வரணும். அடிக்கடி வர வார்த்தைகள்ல இது மூணும் கச்சிதமாப் பொருந்தின இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.

ஒரே மூச்சுல பதினொரு எண் கையில. அதை வெச்சுக்கிட்டு தாமரை, குன்னுடையா, காளி. அப்புறம் வீரப்பூர், தலையூர், வளநாடு. குறுக்கெழுத்துப் போட்டி போடறவங்களுக்கு இந்த சுகம் தெரியும். மூணு வாரம் ராத்திரி வேலை. கொம்பையும் காலையும் யுனிகோடு வரிசைக்குத் திருப்பிப் போட ஒரு சின்ன நிரலும் எழுத வேண்டியிருந்துச்சு.

பாட்டு திரும்பி வந்துச்சு. வாத்தியார், பாடினவர் வாயில எப்படி வந்துச்சோ அப்படியே எழுதி இருக்கார். இலக்கணத்துக்குத் திருத்தலை. 'வாராங்க'ன்னா வாராங்க, 'கெழக்க'ன்னா கெழக்க. மாமாவுக்கு முதல் அஞ்சு பக்கம் அச்செடுத்துக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, படிக்காம, மெதுவா ராகத்தோட இழுத்துப் பாடிப் பார்த்தார். பாட வரலை. ஆனாலும் விடாம ரெண்டு பக்கம் போனார்.

ஒரே ஒரு எண் மட்டும் மிச்சம் இருக்கு. நானூறு பக்கத்துல ரெண்டே ரெண்டு இடத்துலதான் வருது, ரெண்டும் ஒரே ஊர்ப் பேரு. முதல்ல 'கீ', கடைசியில 'ர்', நடுவுல இந்த எண். 'ழூ'வா இருந்தா கீழூர். 'ளூ'வா இருந்தா கீளூர். மத்த இடத்துல ரெண்டு எழுத்துமே வரலை, ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை. ஊர்ப் பேரா எழுதறதுன்னா கீழூர்தான் சரி. ஆனா இந்த வாத்தியார் வாயில வந்ததை வந்தபடி எழுதறவர், எங்க பக்கம் பாடறவங்க எல்லாரும் ழகரத்தைச் சரியா உச்சரிக்கறவங்களும் இல்லை. மாமாகிட்ட கேட்டேன். "அவரு பாடறப்ப நான் எங்க கேட்டேன், நோட்டைப் பார்த்து அடிச்சேன்"னு சொல்லிட்டார். இப்போதைக்கு ரெண்டு இடத்துலயும் கீ, அடைப்புக்குள்ள அந்த எண், ர்னு அப்படியே விட்டு வெச்சிருக்கேன்.